டிபன் டப்பாவில் வடித்த என்ஜின் ஆயில்

1998ஆம் வருடம், பள்ளிக்கூடங்கள் திறக்க இன்னும் ஒரு வாரமே இருந்த சமயம். அப்போது நாங்கள் பெங்களூர் பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு அறையும் சமையலறையும் மட்டுமே இருந்த வாடகை வீட்டில் குடியிருந்தோம். எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

நான் திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. படித்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்கு வந்து ஏழு வருடம் ஓடியிருந்தது. ஒரு தொழிற்சாலையில் லேத் ஆபரேட்டர். என் மனைவி தூரத்துச் சொந்தம். ஆனால் அவளுடைய குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்பே ஆஸ்டின் டவுனில் வந்து தங்கிவிட்டது. மாமனார் அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமுமாக வளர்ந்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் படித்தது கன்னட மீடியம். அதற்கு மேல் பி.எஸ்ஸி., பி.எட். என்று படிப்பில் என்னைவிட எத்தனையோ படி மேலே இருந்தாள்.

அது எனக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது சொல்வதில் வெட்கமில்லை. அதனால்தானோ என்னவோ, அவள் எதைச் சொல்ல வாயெடுத்தாலும் "எனக்குத் தெரியும்" என்று முந்திக்கொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. சிவாஜிநகருக்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று, அந்த ஊரிலேயே பிறந்தவளுக்கு வழி சொன்னவன் நான். அன்றைக்கு வேறெங்கோ போய் இறங்கி, வெயிலில் ஒரு மைல் நடந்தோம். அப்போதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாளாக ஆக அவள் பேசுவதே குறைந்துபோனது. சாப்பாடு ஆயிற்றா, கேஸ் தீர்ந்துவிட்டது, தண்ணீர் வந்துவிட்டது, இவ்வளவுதான் எங்கள் பேச்சு. அமைதியான சுபாவம் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம்தான் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தேன். அதற்கு முன்னால் ஊரில் அண்ணனுடைய வண்டியை ஓட்டியிருக்கிறேன். அது டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோல் போடும்போதே ஆயிலையும் கலந்து ஊற்றிவிட்டால் போதும், வேறு கவலை கிடையாது. நான் வாங்கியதோ ஃபோர் ஸ்ட்ரோக். அதற்கு என்ஜினுக்குள்ளேயே தனியாக ஆயில் இருக்கும் என்பதையும், மாதம் ஒரு தடவையாவது அளவு பார்க்க வேண்டும் என்பதையும் என் கூட வேலை பார்த்தவர் ஒருவர் சொன்னார். எப்படிப் பார்ப்பது என்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை மைக்ரோமீட்டர் வைத்து முடி கனத்துக்கு அளக்கிறவனுக்கு இதைக்கூடவா கேட்க வேண்டும் என்ற நினைப்புதான்.

வண்டியோடு அதன் கையேடும் வந்திருந்தது. பழைய சொந்தக்காரர் பத்திரமாக சைடு பாக்ஸில் வைத்திருந்தார். ஆனால் முழுக்கக் கன்னடம். எனக்குக் கன்னடம் அரைகுறையாகப் பேச வரும், எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க வராது. பஸ் நம்பரைப் பார்த்தே ஏழு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

இப்படியிருக்கும்போது சந்தாபுரா பக்கத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அவளுக்கு இன்டர்வியூ கடிதம் வந்தது. கணக்கு டீச்சர் வேலை. கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் ஆசைப்பட்டுக்கொண்டிருந்த வேலை. காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஏழு மணிக்குக் கிளம்பி பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றாள். வீட்டில் வண்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸா, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டு, தொழிற்சாலைக்கும் லீவு போட்டேன்.

முதல் நாள் சாயங்காலம், நாளைக்குத் தூரம் போகிறோமே என்று ஒரு லிட்டர் என்ஜின் ஆயில் வாங்கி வந்தேன். சந்தில் வண்டியை சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தி, என்ஜினின் வலது பக்கத்தில் இருந்த மூடியைத் திருகி எடுத்தேன். மூடியோடு சேர்ந்தாற்போல ஒரு சின்னக் குச்சி இருக்கும். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. குச்சியின் நுனியில் மட்டும்தான் சொட்டு ஆயில் ஒட்டியிருந்தது. ஐயையோ, என்ஜின் காய்ந்து கிடக்கிறதே என்று பதறிப்போனேன்.

அவள் கையேட்டை விரித்துக்கொண்டு வாசலில் நின்றாள். "ஏங்க, சென்டர் ஸ்டாண்ட் போட்டுதான் பாக்கணும்னு இதுல ஏதோ..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியும். நீ போய் நாளைக்கு வேண்டியதைப் படி" என்றேன்.

புத்தகத்தை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் ஆயிலை ஊற்றினேன். குச்சியை விட்டுப் பார்த்தேன். மேல் கோட்டுக்கு வரவில்லை. இன்னும் ஊற்றினேன். கடைசியில் பாதி டப்பாவுக்கு மேல் காலியான பிறகுதான் ஆயில் மேல் கோட்டைத் தொட்டது. பெரிய ஆபத்திலிருந்து வண்டியைக் காப்பாற்றிய திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் எட்டரை மணிக்குக் கிளம்பினோம். அவள் மயில் கழுத்து நிறத்தில் பட்டுப் புடவை கட்டியிருந்தாள். மடியில் சர்டிபிகேட் ஃபைல், தோள்பையில் மத்தியான சாப்பாடு. வண்டி என்னவோ முக்கி முக்கி நகர்ந்தது. புது ஆயில், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று அதற்கும் ஒரு காரணத்தை நானே சொல்லிக்கொண்டேன். எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தது. முந்திப் போகும்போது டிரைவர் கையை வெளியே நீட்டி எங்களுக்குப் பின்னால் காட்டினார். திரும்பிப் பார்த்தால், கொசு மருந்து அடிக்கிற வண்டி போன தெருவைப்போல ரோடே புகையாக இருந்தது. அடுத்த நிமிஷம் என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது.

உதைத்தேன். உதைத்துக்கொண்டே இருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். அவள் ரோட்டோரம் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டினாள். இரண்டு பஸ் போயிற்று. இரண்டிலும் படியில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள், ஸ்டாப் இல்லாத அந்த இடத்தில் எதுவும் நிற்கவில்லை. ஆட்டோ ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கைக்கடிகாரத்தில் ஒன்பதாகப் போகிறது. பேசாமல் ஏழு மணிக்கு அவளை பஸ் ஏற்றிவிட்டிருந்தால் இந்நேரம் பள்ளிக்கூடத்து வாசலில் இருப்பாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். புழுதி படாமல் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாளே, அதைத்தான் பார்க்க முடியவில்லை.

சைடு பாக்ஸைத் திறந்து அந்தக் கையேட்டை எடுத்தேன். புரட்டினேன். எல்லாம் வட்ட வட்டமாக எழுத்து. ஒன்றும் புரியவில்லை. அவளிடம் நீட்டினேன்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றியா? எனக்குத் தெரியல" என்றேன்.

கல்யாணமான நாலு மாதத்தில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கி, விரலை வைத்து வரிவரியாக மனசுக்குள் படித்தாள்.

"மொதல்ல வண்டி சமமான தரையில நிக்கணும். இங்க மேடும் பள்ளமுமா இருக்கு. இங்க பாக்க முடியாது" என்றாள். குரலே மாறிவிட்டது. டீச்சர் குரல்.

நூறு அடி தள்ளி ஒரு பூச்செடி நர்சரி இருந்தது. வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போனோம். ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எங்களைப் பார்த்து நிமிர்ந்தார். நாற்பது வயது இருக்கும். "ஏனாய்த்தம்மா?", என்ன ஆச்சு என்று, என் மனைவியிடம் கேட்டார். அவ்வளவுதான், இவள் கன்னடத்தில் படபடவென்று நடந்ததையெல்லாம் சொன்னாள். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. என்னைப் பற்றிச் சொன்ன இடங்கள் முழுதாகவே புரிந்தன. அந்த அம்மா வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, குரோட்டன்ஸ் தொட்டிகள் வைத்திருந்த சிமென்ட் தரையைக் காட்டினார். நாங்கள் கேட்காமலேயே தொட்டிகளை நகர்த்தி இடமும் பண்ணிக் கொடுத்தார்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தினேன். அவள் படிக்கப் படிக்க நான் செய்தேன். ஆயில் கீழே இறங்க மூன்று நிமிஷம் விட வேண்டும். மூடியைக் கழற்றி, குச்சியைத் துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். திரும்பவும் உள்ளே விடும்போது மரையைத் திருகக் கூடாது, சும்மா நிற்கும்படி வைத்து எடுக்க வேண்டும். எடுத்தேன். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். ஆனால் மேல் கோட்டையும் தாண்டி, குச்சி முழுக்கப் பளபளவென்று இருந்தது.

எனக்கு விளங்கவில்லை. நேற்றுக் காய்ந்துதானே கிடந்தது? அவள் அந்த அம்மாவிடமிருந்து ஒரு மக்கில் பாதித் தண்ணீர் வாங்கி, என் முன்னால் இடது பக்கமாகச் சாய்த்துக் காட்டினாள். "நேத்து வண்டி இப்படிச் சாஞ்சு நின்னுச்சு. ஆயிலு எல்லாம் இந்தப் பக்கம் போயிடுச்சு. நீங்க அந்தப் பக்கம் குச்சி விட்டுப் பாத்தீங்க. இல்லாத மாதிரிதானே தெரியும்?" என்றாள். மக்கைப் பார்த்ததும் எனக்குத் தலை தானாகக் குனிந்துகொண்டது. இருந்த ஆயிலுக்கு மேலேயே அரை லிட்டரை ஊற்றி வைத்திருக்கிறேன். அது வழி கிடைத்த பக்கமெல்லாம் ஏறி, தீப்பொறி போடுகிற பிளக்கை நனைத்து, புகையாகப் போயிருக்கிறது.

அதிகப்படியை வடிக்க வேண்டும். என்ஜினுக்கு அடியில் ஒரு போல்ட் இருப்பதாகப் புத்தகத்தில் படம் இருந்தது. டூல் கிட்டில் அதற்கு ஏற்ற ஸ்பேனரும் இருந்தது. வடித்ததை எதில் பிடிப்பது? அந்த அம்மா சுற்றும் முற்றும் தேடினார். நர்சரி பூராவும் நூற்றுக்கணக்கில் தொட்டிகள், அத்தனைக்கும் அடியில் ஓட்டை. பிளாஸ்டிக் பைகளிலும் ஓட்டை. தண்ணீர் விடுகிற பூவாளியில் ஆயிலைப் பிடித்தால் செடி கருகிவிடும். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு என் மனைவி தன் தோள்பையைத் திறந்து, எவர்சில்வர் டிபன் டப்பாவை வெளியே எடுத்தாள். கல்யாணத்துக்கு அவளுடைய அம்மா சீராகக் கொடுத்தது. மூடியில் பெயர் வெட்டியிருக்கும்.

"சித்ரான்னம் இருக்கே" என்றாள், கொஞ்சம் யோசனையாக.

எங்கள் ஊரில் எலுமிச்சை சாதம் என்போம். எதுவானால் என்ன, டப்பா காலியாக வேண்டும். வீணாக்கவும் மனசில்லை. சூட்டோடு வடித்தால் கை வெந்துவிடும், என்ஜின் ஆறட்டும் என்று புத்தகமும் சொன்னதாம். ஆகவே காலை ஒன்பதேகால் மணிக்கு, ரோஜாச் செடிகளுக்கு நடுவில் கோணிப்பையை விரித்து உட்கார்ந்து மத்தியான சாப்பாட்டைச் சாப்பிட்டோம். அந்த அம்மாவுக்கு வாழையிலைக் கிழிசலில் ஒரு பங்கு கொடுத்தோம். மிச்சத்தை நாங்கள் இருவரும் ஒரே டப்பாவில் கை விட்டு எடுத்துச் சாப்பிட்டோம். வீட்டில் நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். இருவரும் சேர்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. வேர்க்கடலையாகப் பொறுக்கி அவள் என் பக்கம் தள்ளினாள்.

இன்டர்வியூக்கு நேரம் ஆகிறதே என்று அப்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாக, "என் மேல கோவமா?" என்று கேட்டேன்.

"கோவம் நேத்து இருந்துச்சு" என்றாள். டப்பாவின் ஓரத்தை வழித்துக்கொண்டே, "உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசறதுக்கு முன்னாடி பத்து தடவை யோசிக்கிறேங்க. எப்படியும் தெரியும்னுதான் சொல்லுவீங்க, எதுக்குச் சொல்லணும்னு விட்டுடறேன்" என்றாள்.

அவள் அமைதியான சுபாவம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தி, "அடுத்து என்ன பண்ணணும், படி" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைச் சுருக்கிக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

கோணிப்பையில் மல்லாந்து படுத்து போல்ட்டைத் தளர்த்தினேன். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து டப்பாவைப் பிடித்தாள். முதலில் வந்த ஆயில் டப்பாவுக்குப் பதிலாக என் நெற்றியில் விழுந்தது. இரண்டாவது அவள் விரல்களில். முக்கால் டப்பா நிரம்பியதும், போதும் போதும் என்றாள். முறுக்கிவிட்டு அளவு பார்த்தோம். இன்னும் கொஞ்சம் மேலேதான் இருந்தது. மறுபடியும் ஒரு கரண்டி அளவு வடித்து, காத்திருந்து பார்த்தால், இரண்டு கோட்டுக்கும் சரியாக நடுவில் வந்து நின்றது. அவள் குச்சியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோலப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

பிளக்கைக் கழற்றித் துடைத்து, அந்த அம்மா கொடுத்த தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தில் தேய்த்து மாட்டினேன். நாலாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. உள்ளே தங்கியிருந்த புகையெல்லாம் ஒரு பாட்டம் வந்து தீர்ந்தது. பிறகு என்ஜின் சத்தம் தெளிந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம். வடித்த ஆயிலை என்ன செய்வது என்று நான் விழித்தபோது, பந்தல் மூங்கிலுக்குக் கரையான் வராமல் பூச நல்லது என்று அந்த அம்மாவே கேட்டு வாங்கிக்கொண்டார். என் மனைவி டப்பாவையும் அவரிடமே கொடுத்துவிட்டாள். அதற்குப் பல வருடங்கள் வரை, "அந்த டப்பா எங்கடி?" என்று என் மாமியார் வரும்போதெல்லாம் தேடுவார். நாங்கள் இருவரும் சுவரைப் பார்ப்போம்.

பள்ளிக்கூடத்தை அடையும்போது பத்தேகால். சோப்புப் போட்டுக் கழுவியும் அவளுடைய நகக்கண்களில் கறுப்புப் போகவில்லை. புடவைக் கொசுவத்தில் ஒரு பொட்டு ஆயில் வேறு. வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே அனுப்பிவிட்டு, கேட்டுக்கு வெளியே குல்மோஹர் மரத்தடியில் நின்றேன். அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஆபீஸ் ஜன்னலிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் நகத்தைக் கடித்தேன். அதிலும் ஆயில்.

வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஏன் தாமதம், கையெல்லாம் ஏன் கறுப்பு என்று ஹெட்மாஸ்டர் கேட்டாராம். உள்ளதை அப்படியே சொல்லியிருக்கிறாள். சரி, எங்களை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நினைத்து இதையே பாடமாக நடத்துங்கள் என்றார்களாம். போர்டில் சாய்ந்த பாத்திரத்தையும் நேராக நிற்கிற பாத்திரத்தையும் வரைந்து, அளக்கிறவர் எங்கே தப்புப் பண்ணுகிறார் என்று நடத்திக் காட்டியிருக்கிறாள். திங்கள்கிழமையே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

"அளக்கிறவர் நான்தான்னும் சொல்லிட்டியா?" என்றேன்.

"பின்ன? பொய் சொல்லியா வேலைக்குச் சேர முடியும்?" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். சின்ன வயசில் அவளை அடித்த கணக்கு வாத்தியார், ஆஸ்டின் டவுனில் அவள் வளர்த்த நாய், எங்கள் வீட்டுக் குழாயை வைக்க வேண்டிய இடம், நான் குறட்டை விடுகிற விதம். காற்றில் ஒரு வார்த்தையும் தப்பிவிடக் கூடாது என்று நான் வண்டியை சைக்கிள் வேகத்தில் ஓட்டினேன். சைக்கிள்காரர்களே எங்களை முந்திப் போனார்கள்.

அந்த வாரமே கன்னட எழுத்து கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். டீச்சர் வீட்டிலேயே இருந்தாள், பாடப் புத்தகம் அந்தக் கையேடுதான். தொழிற்சாலையிலும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகினேன். முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சொல்லிக் கொடுக்கத்தான் வந்தார்கள்.

பழைய "எனக்குத் தெரியும்" இன்றைக்கும் சில சமயம் வாயில் வந்துவிடும். எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் எந்த நாள் போட்டிருந்தாலும், நாங்கள் புருஷன் பெண்டாட்டி ஆனது, பூச்செடிகளுக்கு நடுவில் கையெல்லாம் ஆயிலோடு அவள் படிக்க நான் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் காலையில்தான் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.